பாதியில் அணைத்த படம்

பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது. காலையில் சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்தேன். இந்தப் பசுமலை வீடு முழுக்க அந்த வாசனை பரவியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. கை இன்னும் இரண்டு கிண்ணம்தான் எடுக்கிறது.

கல்யாணமான புதிதில், பேரையூர் கால்நடை மருத்துவமனைக்கு உங்களை மாற்றி உத்தரவு வந்த வாரம், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் பார்த்தோமே! நான்தான் ஆசைப்பட்டு சிடி வாடகைக்கு எடுத்து வந்தேன். ஒரு விஞ்ஞானி பூதம் ஒன்றைச் செய்துவிட்டுச் செத்துப்போகிறார். அது ஊரில் பலரைக் கொன்றுவிடுகிறது. பிறகு அவர் மகன் அந்த ஊருக்கே குடிவருகிறான். பூதம் வந்தபோதெல்லாம் நான் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், நீங்கள் சிரித்தீர்கள். மகன் தெருவில் நடந்தான். வீடு வீடாகக் கதவைச் சாத்தினார்கள். நீங்கள் எழுந்து டிவியை அணைத்தீர்கள்.

அன்றுதான் சொன்னீர்கள். உங்கள் அப்பா பேரையூரில் படிக்காத மாட்டு வைத்தியர். கோமாரி கண்ட மாடுகளுக்குத் தானே கலக்கிய மருந்தை ஊற்றியிருக்கிறார். ஒரே தெருவில் ஏழு மாடு செத்தது. அந்த வாரமே குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

“அந்தத் தெருவுல எவன் என்னைய மாட்டத் தொட விடுவான்? வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன் புள்ள.”

“நானும் கூட வாரேன். கதவச் சாத்துனா வாசல்ல உக்காந்துட்டு வருவோம்” என்றேன். பூதத்துக்குப் பயந்தவள் பேசிய பேச்சைப் பாருங்கள்.

சாத்தத்தான் செய்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் உங்களைத் தாண்டி அடுத்த ஊருக்கு மாட்டை ஓட்டிப் போனார்கள். ஒரு வருடம் பொறுத்தீர்கள். ஒரு மத்தியானம் அந்தத் தெருவிலிருந்து ஒரு அம்மா ஓடிவந்தார். வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கிறது, மாட்டை நகர்த்த முடியாது. “வேற ஆளு இல்ல, அதான் வந்தேன்” என்றார், முகத்தைப் பார்க்காமலே. பொழுது சாயத் திரும்பி வந்தீர்கள். சட்டையெல்லாம் ரத்தம். தாயும் கன்றும் பிழைத்திருந்தன.

மறுநாள் அந்த அம்மா தூக்குவாளியோடு வந்தார். சீம்பாலை நம் பக்கம் விற்க மாட்டார்கள். மனசுக்கு வேண்டிய வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள்.

“ஒங்கப்பன நான் மன்னிக்கல தம்பி. இது ஒனக்கு.”

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றீர்கள். அப்புறம் அடுப்படிக்கு வந்து, “அம்புட்டுத்தான் புள்ள எனக்கு வேணும்” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதீர்கள். உங்கள்மேல் எனக்கு அன்று வந்த ஆசை இன்னும் தீரவில்லை.

இன்று மகளிடம் சொல்லி அந்தப் படத்தை போனில் தேடி எடுத்தேன். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல்முறையாகக் கடைசிவரை பார்த்தேன். பூதத்தைப் பார்த்துப் பயமே வரவில்லை. ஆனால் முடிவுவரை ஒரு கதவும் திறக்கவில்லை. அந்த மகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறான். அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் நீங்கள் பேரையூர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டீர்கள்.

நல்லவேளை, பாதியில் அணைத்தீர்கள்.