வலது கன்னத்தில் வெயில்

இன்று மதியம் ஆபீஸ் பார்க்கிங்கில் கண்ணாடி துடைக்கும் துணியைத் தேடியபோது, காரின் முன்பெட்டியில் உன் திசைகாட்டி அகப்பட்டது. தொழுகைக்கு வேண்டுமென்று நீ வைத்தது. புறநகர் கேட்டியிலிருந்து ஹூஸ்டன் ஆபீஸுக்குப் பதினோரு வருஷம் இந்த ஒரே காரில்தான் வந்துபோனோம். இரண்டு பேர் இருந்ததால் கார்பூல் லேனில் பறந்தோம். இப்போது மற்ற லேன்களில் தனியாக ஊர்கிறேன். ரேடியோ போட்டாலும் கார் காலியாகத்தான் இருக்கிறது.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே, நாம் ஒருமுறை வேலைக்குப் போன அந்தச் சின்னத் தீவு. டீசல் கப்பல் தாமதமானால் ஊரே இருட்டு. மின்சாரத்தில் பாதி சூரியனிலிருந்து வரவேண்டுமென்று அவர்கள் சட்டமே போட்டிருந்தார்கள். சோலார் பலகைகளுக்கு வரைபடம் போட்டவன் நான். நம் ஊர்ப் பழக்கம், டெக்சாஸ் பழக்கம். எல்லாவற்றையும் தெற்கு பார்த்துச் சாய்த்துவிட்டேன். அங்கே சூரியன் வடக்கே நிற்கும் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

மதியத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு, விரித்த பாயைச் சுருட்டாமல் ஓடிவந்தாய். "டேய், மேற்க பாத்து நின்னா நம்ம ஊர்ல வெயில் இடது கன்னத்துல அடிக்கும். இங்க வலது கன்னத்துல அடிக்குதுடா! தப்பா திருப்பி வச்சிருக்கே!"

பலகைகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் பாதி அதற்குள் கான்கிரீட்டில் இறங்கியிருந்தன. மின்துறை அதிகாரி கத்தியபோது, "என் தப்பு" என்று நீ முந்திக்கொண்டாய். வெளியே வந்ததும் உன்னோடு சண்டை போட்டேன். நீதான் சமாதானம் சொன்னாய்.

"நீ கிரீன் கார்டுக்கு வெயிட் பண்ணிட்டிருக்கே. வேலை போச்சுன்னா ஃபேமிலியோட பொட்டி கட்டணும். எனக்கு வந்தாச்சு. வுடு, ரெண்டு நாள் திட்டுவாங்க."

இரண்டு நாள் இல்லை. அதன்பின் உனக்கு எந்தத் தீவு வேலையும் தரவில்லை. என் கிரீன் கார்டு வந்ததை உன் வீட்டு பிரியாணியோடு கொண்டாடினோம். அன்றும் வாயைத் திறக்கவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்றும் இல்லை. கோழை நான்.

நேற்று அதே அதிகாரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பக்கத்துத் தீவுக்கும் பலகைகள் வேண்டுமாம். கடைசி வரியில், 'உங்கள் நண்பர் செய்த தவறு இம்முறை நடக்காதே?' என்று கேட்டிருந்தார். நீ போய்விட்டது அவருக்குத் தெரியாது.

'தவறு என்னுடையது. அதைக் கண்டுபிடித்தவர்தான் அவர்' என்று இன்று காலை பதில் எழுதினேன். நம் மேனேஜருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. இனி அந்த வேலை எனக்குக் கிடைக்குமோ என்னவோ. ரொம்ப லேட்டுடா, தெரியும்.

திசைகாட்டியோடு காரைவிட்டு இறங்கி மேற்கே திரும்பி நின்றேன். வெயில் இடது கன்னத்தில் அடித்தது. "சரியாடா?" என்று கேட்டுவிட்டு, உன் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.