இந்த ஊரில் இல்லாத பறவை

பழைய விலங்கியல் குறிப்பேட்டைத் தூசி தட்டியபோது ஓர் அஞ்சல்தலை உதிர்ந்தது. உடலைவிட நீண்ட நீலப்பச்சை வால் கொண்ட ரீங்காரச் சிட்டு. கீழே ஒரு ஷேக் நாட்டின் பெயர். பேத்தியின் கைபேசியில் தேடச் சொன்னேன். தென்னமெரிக்க மலைச்சரிவுகளில் அது நலமாகவே இருக்கிறதாம். அழியும் அபாயம் குறைந்த இனமாம். அது அற்றுப்போய்விடும் என்று நீ கவலைப்பட்டதெல்லாம் வீண். துபாயை விட்டுப் போனது நீதான்.

அமீரகம் ஒன்றான புதிதில், துபாயில் ஒரே பள்ளியில் நாம் இருவரும் ஆசிரியைகள். அதற்கு முன் தனித்தனி ஷேக் நாடுகள் வெளியிட்ட பழைய அஞ்சல்தலைகள் கடைகளில் மலிந்து கிடந்தன. 'இந்நாட்டுப் பறவை ஒன்றைக் கூறுக' என்று தேர்வில் கேட்டாய். பாதி வகுப்பு ரீங்காரச் சிட்டு என்று எழுதியது. அத்தனை பேருக்கும் சுழியம் போட்டாய்.

"ஸ்டாம்புல இருந்தா இந்த ஊர்ப் பறவை ஆயிடுமா? ஜன்னலைத் திறந்து பாருங்க. இங்க இருக்கறது தேன்சிட்டு." அத்துடன் நிறுத்தாமல், தொப்பியில் செருகுவதற்காக அந்தச் சிட்டுகளைக் கொன்று குவித்த கதையையும் சொன்னாய்.

மறுநாள் நம்மூர்த் தகப்பன் ஒருவர் தலைமையாசிரியரிடம் ஓடிவந்தார். "ஷேக்கோட ஸ்டாம்பையே பொய்னு சொல்லிட்டாங்க சார்!"

"நமக்கு விசா குடுத்த கஃபீல் காதுக்குப் போச்சுன்னா கலாஸ். எல்லார் விசாவும் காலி," என்று தலைமையாசிரியர் பதறினார். அரபிகள் எவரும் புகார் செய்யவில்லை; பயம் முழுக்க நம்முடையது. மதிப்பெண் போட்டு, மன்னிப்பும் எழுதித் தரச் சொன்னார்.

"மார்க் போடறேன் சார். குருவிக்கு எங்க போறது?" என்றாய். ராஜினாமாக் கடிதத்தை உன் முன் நகர்த்தினார்.

வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாய். "நீயும் அதே படிப்புதானே? உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லேண்டி."

"எனக்கு கிளாஸ் இருக்கு," என்றேன். உண்மையில் அது எனக்கு ஓய்வு நேரம். நீயும் பிடிவாதக்காரி. ஒரு வாரம் இழுத்தடித்திருக்கலாம். மூன்றே நாளில் பெட்டி கட்டினாய்.

ஐந்தாம் நாள் பள்ளியின் கஃபீலான அரபி கையெழுத்துப் போட வந்தார். தேர்வுத்தாள் கட்டுடன் நான் அந்த அறையில் இருந்தேன். எவரும் கேட்காமலே தலைமையாசிரியர் அஞ்சல்தலையை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொல்லிக் கைகட்டி நின்றார். கஃபீல் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"யே சிடியா? இதர் மாஃபி!" இந்தப் பறவை இங்கே கிடையாது; எவனோ வெளிநாட்டுக்காரன் அச்சடித்த படம் என்றார். பிறகு, "நல்ல டீச்சர். எங்கே அவர்?" என்று இந்தியில் கேட்டார்.

"லீவு," என்றார் தலைமையாசிரியர்.

"எப்போது வருவார்?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "அடுத்த மாதம்," என்று சொன்னது நான்தான்.

இத்தனை ஆண்டுக் கடிதங்களில் இதை உனக்கு எழுதியதில்லை. இப்போது எழுதுவதால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அன்றைய எரிச்சல் மட்டும் குறையாமல் இருக்கிறது. அதில் தலைமையாசிரியரின் பங்குதான் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறது.