கிளியை ஒலுவிலில் விட்டு வந்தேன்

சாய்ந்தமருது
1981 மார்ச்

என் அருமை மகன் மசூருக்கு உம்மாவின் ஸலாம், அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் தந்த ஆயுளில் நான் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறேன், அந்தத் தூர நாட்டில் உன்னையும் நோய் நொடி அண்டாமல் அவனே காக்க வேண்டும் என்று துஆக் கேட்டுவிட்டு, தொழுத பாயில் இருந்தபடியே இதை எழுதுகிறேன். நீ றியாத்திலிருந்து போட்ட கடிதம் கிடைத்தது. கிளி சுகமா என்று கேட்டிருந்தாய், உம்மாவின் முழங்கால் சுகமா என்று கேட்கவில்லை, அது போகட்டும். கிளி இப்போது நம் வீட்டில் இல்லை மகன். பதறாதே, உயிரோடுதான் இருக்கிறது, ஒலுவிலில் உன் பெண்சாதி ஸுல்பிகா வீட்டில். காரணம் பூனை. பக்கத்து வளவில் தங்கரத்தினம் கருவாடு காயப்போடத் தொடங்கியதும் ஊர்ப் பூனையெல்லாம் இந்தப் பக்கம் குடிவந்துவிட்டன. பாவம், அவளும் விரட்டித்தான் பார்த்தாள். ஒரு நாள் நான் கிணற்றடியில் இருந்த நேரம் ஒரு கடுவன் பூனை கூட்டில் தொங்கி, கிளியின் வாலில் பாதியைப் பிடுங்கிவிட்டது. நான் ஒருத்தி எந்நேரமும் கம்போடு காவல் இருக்க முடியுமா? ஸுல்பிகா கேள்விப்பட்டு, மாமி அத இங்க கொண்டு வாங்க, எங்கட ஊட்டுல பூனை அண்டாது என்று சொல்லியனுப்பினாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாப்பா கண்ணை மூடி மௌத்தாகி, நீயும் போன பிறகு, இந்த வீட்டில் நான் வாய் திறந்து கதைத்தது அதோடு மட்டும்தான். ஆனாலும் பூனைக்குக் கொடுப்பதைவிட இது மேல் என்று கூட்டை நீ உடுத்த பழைய சாரனால் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டோடு போய்விடுகிற ஊரில், உன்னை அங்கே அனுப்பினதும் நான்தான், இப்போது கிளியையும் அனுப்பிவிட்டேன். ஆணைப் பெற்றவளுக்கு இந்த வழக்கம் எதைத்தான் மிச்சம் வைக்கிறது?

போய்ச் சேர்ந்தது வியாழன் பொழுதுபட்டு மஃரிபு நேரம். உன் மாமியார் கூட்டை நடு வீட்டில் வைக்கச் சொல்லி, புது ஊட்டுக்கு வந்த சீவனுக்கும் பறக்கத்து வேணுமே, நல்லா இரிக்கணுமே என்று, விடிந்தால் வெள்ளி என்பதால் வெள்ளிராவுக்குப் போட்ட சாம்பிராணிச் சட்டியைக் கூட்டைச் சுற்றிக் காட்டினார். நல்ல மனதோடுதான் செய்தார், நான் குறை சொல்லவில்லை. கிளி வாயைத் திறந்து திறந்து மூடியது, பிறகு கம்பிலிருந்து பொத்தென்று விழுந்துவிட்டது. கூட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, கடற்காற்றுப் படுகிற இடத்தில் வைத்துவிட்டு யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று நின்றேன். மூச்சு மெல்ல மெல்லத்தான் திரும்பியது. நமக்கு வாசமாக இருக்கிற புகை அந்தச் சின்ன நெஞ்சுக்கு நஞ்சு என்று யாருக்குத் தெரியும்? உன் மாமியார் அழுதேவிட்டார்.

அதை அப்படி விட்டுவிட்டு வர முடியாமல் நானும் அங்கே தங்கிவிட்டேன். மாப்பிள்ளையின் உம்மா சம்பந்தி வீட்டில் பாய் போட்டுப் படுப்பதா என்று உன் கலியாணத்தின்போதுகூட நான் அங்கே தங்கியதில்லை. கதைக்கிறவர்கள் கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூட்டை அடுப்புப் புகை எட்டாத விறாந்தை மூலையில், பின்பக்கம் சுவர் இருக்கிற மாதிரி வைத்து, ஒரு பக்கம் சாரனைத் தொங்கவிட்டேன். கிளி பார்க்க வந்த அயல் சனத்தையெல்லாம் ஸுல்பிகா வாசலோடு திருப்பி அனுப்பினாள், கெட்டிக்காரி. கையை உள்ளே விடாதே, அதுவாகக் கிட்ட வரும் வரைக்கும் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கதை, அது போதும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நம் வீட்டுச் சிரட்டையிலேயே ஊறின பயறு வைத்தும் அது தொடவில்லை. இறகை உப்பவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே இருந்தது. நானும் ஸுல்பிகாவும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். கடைசியில் ஒரு நாள் காலையில் அவள் நீட்டின கொய்யாத் துண்டை எட்டி வாங்கித் தின்றுவிட்டு, அயல் சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தியது. எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அது என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸுக்குப் புறப்படும்போது ஸுல்பிகா கையைப் பிடித்து, நீங்களும் இங்கயே இரிங்க மாமி என்றாள். ஓம் என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டவும் மனமில்லாமல் இருந்த நேரத்தில்தான் ஒன்று நெஞ்சில் தைத்தது. நீ அந்த நாட்டில் போய் இறங்கின புதிதில் உன் பக்கத்தில் யார் மகன் இருந்தது? எல்லாக் கடிதத்திலும் நல்ல சுகம், நல்ல சுகம் என்றே எழுதினாய், நானும் நம்பிக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீயும் சுவரைப் பார்த்தபடி சாப்பிடாமல் கிடந்தாயா? கொய்யாத் துண்டு நீட்ட உனக்கு யாராவது இருந்தார்களா?

ஸுல்பிகாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட, தொழுகையை விடாதே, ஈமானோடும் சுகத்தோடும் அல்லாஹ் உன்னை என் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும். எனக்கு எழுதும்போது அந்த முதல் நாட்களில் எப்படி இருந்தாய் என்று உள்ளபடி எழுது. காலம் கடந்துவிட்டால் என்ன, அதை வாசிக்கிற நேரமாவது நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்.

துஆவுடன்,
உன் உம்மா நஸீறா