புளியங்கட்டை ஆப்பு

12-6-1963, புதன்

சாரல் இறங்கிவிட்டது. எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே இந்த வாரமே உழ வேண்டுமென்று முதலாளி ஆவுடையப்பன் காலையிலேயே வந்து நின்றார். டிராக்டரும் வழக்கம்போல நின்றது. செங்கோட்டைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன குட்டி டீசல் வண்டி. செய்த கம்பெனியே இப்போது இல்லை. பார்ட்ஸுக்கு எங்கே போவது?

ஹாண்டிலைச் சுற்றும்போது இன்ஜின் அழுத்தத்தைத் தளர்த்தி வைக்கும் லிவர் ஒடிந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பதில் வால்வுக்கு அடியில் ஒரு புளியங்கட்டை ஆப்பு செருகுகிறேன். வலக்கையால் சுற்றி, வேகம் பிடித்ததும் இடக்கையால் ஆப்பை உருவ வேண்டும். எப்போது என்பது என் கைக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஸ்டார்ட் செய்வேன். கிறிஸ்தவன் என்பதால் இங்கே என்னை வேதக்காரன் என்பார்கள்; வேதக்காரன் ஜெபம் பண்ணித்தான் வண்டி கிளம்புகிறது என்று தோட்டத்தில் பேச்சு. பேசட்டும், என் வேலைக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிட்டேன்.

இன்று என் மனைவி வேதமணியின் கடிதம். தூத்துக்குடியில் அவள் அண்ணன் பட்டறை போட்டிருக்கிறார். செப்டம்பர் முதல் தேதிக்குள் நான் போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவாராம். பிள்ளைக்கு எட்டு மாதம். இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன்.

13-6-63

முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். "நான் உன்னைப் பிடிச்சா வச்சிருக்கேன்? வேற ஒருத்தன் ஸ்டார்ட் பண்ணுதத என் கண்ணால பாக்கணும். அன்னைக்கே போ லே" என்றார்.

நான் டைபாய்டில் கிடந்தபோது என்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மனுஷன். சொல்லாமல் பஸ் ஏற என்னால் முடியாது. யாருக்கும் கற்றுத் தராமல் இருந்தது நான்தானே? யாரை நோக?

18-6-63, செவ்வாய்

இசக்கிக்குப் பழக்கினேன். தோட்டத்தில் தென்னை ஏறுகிறவன், நல்ல கை பலம். ஆப்பு, சுற்று, உருவுகிற நேரம் எல்லாம் சொன்னேன். மூன்றாம் தடவை சீக்கிரம் உருவிவிட்டான். ஹாண்டில் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

19-6-63

பெருவிரலை ஹாண்டிலைச் சுற்றிப் போடக்கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் திருப்பி அடித்தாலும் ஹாண்டில் கையை விட்டுப் போய்விடும். இதை அவனிடம் நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஏன் விழுங்கினேன்? போக வேண்டும் என்று துடிக்கிறவன்தானே நான்? கையில் கட்டோடு அவன் "எனக்குப் பக்குவம் பத்தல அண்ணாச்சி" என்கிறான். கேட்க முடியவில்லை.

2-7-63

தென்காசி லேத்தில் புது லிவர் செய்தேன். இரண்டே நாளில் வளைந்துவிட்டது.

10-7-63

மழை. உழவு. ஆப்பு. வேதமணிக்குப் பதில் எழுதவில்லை. என்னவென்று எழுத?

19-7-63, வெள்ளி

பழைய இரும்புக் கடை மசூது பாய் ஒரு சேதி சொன்னார். இதே மாதிரி வண்டி கடையத்தில் ஒரு கிணற்றடியில் செத்துக் கிடக்கிறதாம். ஓடினேன். சீட்டில் கோழி அடைகாக்கிறது. ஆனால் லிவர் முழுசாக இருந்தது! சொந்தக்காரர் நம்பிராஜன் கழற்றிக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

22-7-63

மாட்டினேன். களையெடுக்கிற மாடக்கண்ணு சுற்றினான், வண்டி கிளம்பிவிட்டது. முதலாளி கண்ணாலேயே பார்த்தார். வேதமணிக்குக் கார்டு போட்டுவிட்டேன், வருகிறேன் என்று.

25-7-63, வியாழன்

என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? லிவர் எங்கே கிடைத்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று முதலாளியிடம் பெருமை அடித்தேன். இன்று அவர் கடையம் போய் அந்தச் செத்த வண்டியையே மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரே ஜாதி வண்டி, ஒண்ணுக்கொண்ணு ஆகும்லா. இதையும் ஓட விட்டுட்டுப் போ" என்கிறார்.

அதற்கு லிவர் கிடையாது. கழற்றி வந்தவன் நான்.

மறுபடியும் புளியங்கட்டை.

11-8-63, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. இசக்கி வீட்டுக்குப் போனேன். கட்டு அவிழ்த்திருக்கிறார்கள். சோற்றைப் பிசைகிறான், தென்னை ஏற இன்னும் முடியவில்லை. பெருவிரல் விஷயத்தைச் சொன்னேன். வேண்டுமென்றே மறைத்தேன் என்றும் சொன்னேன். அழுதுவிட்டேன்.

அவன் அழவில்லை, திட்டவும் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "கட்டு அவுத்த பெறவு சொல்லுதீரு. சரி, இப்பவாவது பூராவும் சொல்லும்."

14-8-63

கடையம் வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறேன். இசக்கி பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகக் கேட்கிறான். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றிய இடங்களில் சத்தமாகச் சொன்னேன்.

26-8-63, திங்கள்

காலையில் முதலாளி முன்னால் இசக்கி கடையம் வண்டியை ஸ்டார்ட் செய்தான். பெருவிரல் வெளியே இருந்தது. ஆப்பை உருவிய நேரம் என்னைவிடச் சுத்தம். தோட்டம் முழுக்கப் புகை. முதலாளி என் தோளைத் தட்டி, "சரிலே, போயிட்டு வா" என்றார். ஒன்றரை மணி பஸ் என்று பெட்டியைத் தூக்கினேன்.

வரப்பில் நடக்கும்போது இன்ஜின் நின்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மறுபடி ஸ்டார்ட் செய்ய இசக்கி ஆப்பைச் செருகிக்கொண்டிருந்தான். எப்படி என்று பார்க்க மாடக்கண்ணு பக்கத்தில் குனிந்தான். இசக்கி அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கிடந்த என் பழைய சாக்கை எடுத்துத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டான். வண்டி கிளம்பியதும் ஆப்பை மடியில் செருகிக்கொண்டான்.

திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டேன்.