பீட்ரூட் கறை

திண்டிவனம்
கார்த்திகை 15, திங்கள்

அன்புள்ள மகள் பத்மப்ரியாவுக்கு, அருகன் அருளால் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சன்மதியும் அந்த டப்ளின் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கு நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை கண்ணு. அப்பா நலமாக இல்லை. உன்னிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் எங்கே பேசினாலும் அப்பா காதில் விழும், பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீ அங்கே பதறிப்போவாய். அதனால்தான் எழுதுகிறேன், முடித்ததும் பக்கம் பக்கமாய்ப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கறை எடுக்கும் குறிப்பு எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். டீக்கறை போய்விட்டது. நம் வீட்டில் வினிகர் ஏது, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரை வெள்ளைத் துணியில் நனைத்து, நீ சொன்னது போல் தேய்க்காமல் ஒத்தி ஒத்தி எடுத்தேன், நாலாவது தடவையில் காணோம். தீபாவளியன்று தீர்த்தங்கரர் முக்திக்குச் செய்யும் நிர்வாணப் பூசைக்கு விளக்கை எடுத்துப்போகும்போது சிந்திய எண்ணெய்க்குக் கடலை மாவைத் தூவி ஒரு பகல் முழுக்க விட்டுப் பிரஷ்ஷால் தட்டினேன், மாவு எண்ணெயைக் குடித்துவிட்டது. மஞ்சள் பட்ட ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் ஒத்திவிட்டு ஜன்னல் வெயில் மூன்று நாள் படும்படி விட்டேன், பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. சந்தன நிறத்தில் கார்ப்பெட் வேண்டாம், தூசு தெரியும் என்று வாங்கும்போதே நான் சொன்னேன், நீதான் அப்பாவுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துகொண்டு வருகிறது, டைல்ஸில் வழுக்கிவிடும் என்று பிடிவாதமாக வாங்கிப் போட்டுவிட்டுப் போனாய். நடுவில் இருக்கும் பெரிய கறைதான் போகவில்லை. பீட்ரூட் பொரியல் கொட்டிவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, அது பீட்ரூட் இல்லை. அப்பாவின் ரத்தம்.

நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய், நினைவிருக்கும். உனக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம், எங்களுக்குப் பொழுது சாயும் நேரம். அப்பா ஐந்தேகாலுக்குச் சர்க்கரை ஊசியைப் போட்டுக்கொண்டு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார், ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாகவேண்டும் என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் பரிமாறாமல் போனைப் பிடித்துக்கொண்டு உனக்கு டீக்கறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ இன்னும் கிட்டக் காட்டு என்றாய், நான் குனிந்து காட்டினேன். சோடா உப்பு இருக்கிறதா என்றாய், நான் அலமாரி அலமாரியாய்த் தேடினேன். நடுவில் அவர் இரண்டு தடவை குரல் கொடுத்தார், இதோ வந்துவிட்டேன் என்று இரண்டு தடவையும் சொன்னேன். பிறகு குழந்தை பாட்டுப் பாடினாள், அதையும் கேட்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜன்னல் இருட்டு. நான் ஓடிப்போய்ச் சோற்றைப் போட்டேன், அவர் தட்டைத் தள்ளிவிட்டு, பொழுது போயிடுச்சு, இனிமே வாணாம் என்றார். ஊசி போட்டிருக்கீங்களே, ஒரு வாய் சாப்பிடுங்க என்று கெஞ்சினேன். ஒருநாள் சாப்பிடாட்டி செத்துட மாட்டேன் என்றார். எழுந்து கூடத்துக்கு வந்தவர் டீப்பாய் பக்கத்தில் அப்படியே சரிந்தார், அதன் முனை நெற்றியில் கிழித்துவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

நான் என்ன செய்வேன் சொல். சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து ஒரு பிடி அள்ளி அவர் கன்னத்துக்குள் திணித்தேன். இருபத்தோரு வயதில் விரதம் எடுத்த மனுஷன், நாற்பத்தெட்டு வருஷமாக விளக்கு வைத்தபிறகு அந்த நாக்கில் ஒரு பருக்கை பட்டதில்லை, எங்கள் கல்யாணப் பந்தியிலேயே பொழுது போய்விட்டது என்று பாதியில் எழுந்தவர் என்று உனக்கே கதை சொல்லியிருக்கிறேன். அதை நான் என் கையால் உடைத்தேன். பத்து நிமிஷத்தில் கண் திறந்தார். ரத்தம் என்ன, வலி என்ன என்று கேட்கவில்லை. நாக்கைச் சப்பிப் பார்த்துவிட்டு, மணி இன்னா என்றார். ஆறாகலீங்க, இன்னும் வெளிச்சம் இருக்குது என்றேன். அவர் அண்ணாந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

எதிர்வீட்டு நெடுஞ்செழியன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார், ஆறு தையல். மறுநாள் விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தோம், தலைக்குள் ஒன்றும் இல்லை, கார்ப்பெட்டில் விழுந்ததால் பின்மண்டை தப்பித்தது என்றார்கள், அந்தவரைக்கும் நீ வாங்கிப் போட்டது வீண் போகவில்லை. ஸ்கேனுக்குக் கிளம்புமுன் விடியற்காலையில் அந்த ரத்தத்தைப் பார்க்கச் சகிக்காமல், நம் வீட்டு வழக்கப்படி வடிகட்டிக் காய்ச்சி வைத்திருந்த தண்ணீரை ஆவி பறக்க அப்படியே ஊற்றித் தேய்த்தேன். எதுவானாலும் வெந்நீர்தான் சுத்தம் என்று வளர்ந்தவள், எனக்கு வேறென்ன தெரியும். வேலைக்கு வந்த கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்னாம்மா நீ, ரத்தத்துல போயி சுடுதண்ணிய ஊத்திக்கினு, முட்டை வெந்தாப்ல வெந்து புடிச்சிக்கும்மா, பச்சத்தண்ணியில ஊறப்போட்டிருந்தா போயிருக்கும் என்றாள். நம் வீட்டில் நின்றுகொண்டு முட்டையை உவமை சொல்கிறாளே என்று கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னதுதான் நிஜம். பிறகு பச்சைத் தண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாம் வைத்துப் பார்த்தேன். மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டேன், காதுக்கா என்றார் கடைக்காரர், கார்ப்பெட்டுக்கு என்றேன், ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். நுரைத்துக்கொண்டு வந்தது, சிவப்பு போய்ப் பழுப்பாக நின்றுவிட்டது. சுருட்டி மாடியில் போட்டுவிடலாம் என்றால் அப்பா அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

கறை கிடக்கட்டும் கண்ணு, என் பயம் வேறு. அன்றிலிருந்து அவர் பிராயச்சித்தம் என்று ஒருவேளைதான் சாப்பிடுகிறார், பதினோரு மணிக்கு ஒரு கரண்டிச் சோறு, மோர், அவ்வளவுதான். ஒருவேளை சாப்பாட்டுக்கு ஊசி ஒத்துவராது என்று ஊசியையும் நிறுத்திவிட்டார். சர்க்கரை முந்நூற்று எண்பதில் இருக்கிறது, இருபத்திரண்டு நாளாகியும் நெற்றிப் புண் ஆறாமல் ஓரத்தில் நீர் வைக்கிறது. டாக்டர் திட்டிப் பார்த்தார். கோயிலில் பூசை செய்யும் வாத்தியார் வீட்டுக்கே வந்து, நினைவில்லாதப்ப வாயில பட்டது விரதபங்கம் ஆகாதுங்க என்று சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறார், செய்வதில்லை. என்னோடு பேச்சும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைத் தரையில் தட்டுகிறார். இப்படியே போனால் அவர் தேறமாட்டார் என்று எனக்குத் தெரிகிறது, அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

அதற்கப்புறம் நீ பேசின மூன்று ஞாயிறும் அப்பா தூங்குகிறார் என்றேன். உன் போன் பேசும்போதுதான் இப்படி ஆனது என்று தெரிந்தால் நீ உன்னையே கரித்துக்கொள்வாய் என்றுதான் மறைத்தேன். உன்மேல் தப்பில்லை. பேச்சை வளர்த்தவள் நான். அந்த நேரம் வாயில் வந்த பொய் பீட்ரூட். மண்ணுக்கடியில் விளைந்த கிழங்கு எதுவும் நுழையாத வீட்டில் பிறந்தவளிடம் போய்ச் சொன்னேன் பார். நீ சிரிப்பாய் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை, சரிம்மா என்று வைத்துவிட்டாய். இரண்டு நாள் கழித்து அந்தக் குறிப்பு வந்தது. டீ, எண்ணெய், மஞ்சள், மை, எல்லாம் போட்டிருந்தாய், முதலில் ரத்தம் போட்டிருந்தாய். பீட்ரூட்டுக்கு ஒன்றுமே போடவில்லை. நேற்றுத்தான் அது எனக்கு உறைத்தது. எல்லாம் தெரிந்துகொண்டு நான் சொல்லட்டும் என்றுதானே காத்திருக்கிறாய்.

இதுவரை எழுதும்போது அப்பா எழுந்துவந்து பின்னால் நின்றார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே கொஞ்சநேரம் படித்தார். நான் பேனாவை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு நாளில் முதல்தடவையாக என்னிடம் பேசினார். எழுதறதா இருந்தா சரியா எழுது, மணி ஆறு இருபதுன்னு எழுது என்றார். சொல்லிவிட்டுப் போய்ப் பழையபடி அந்தக் கறைமேல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மணி அப்போது ஆறு இருபது. எழுதிவிட்டேன்.

அடித்துப்பிடித்து டிக்கெட் போடாதே, குழந்தையைக் குளிரில் அலைக்கழிக்காதே, குளிக்க வைத்தால் தலையை நன்றாகத் துவட்டு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இனி ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாயங்காலத்தில் கூப்பிடாதே. சிரமம் பார்க்காமல் உங்கள் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து கூப்பிடு, எங்களுக்கு அப்போது பதினோரு மணி, அவர் சாப்பிட உட்காரும் நேரம். என்னிடம் பேசாதே, போனை அவரிடம் கொடுக்கச் சொல், இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளச் சொல், ஊசி போடச் சொல். நான் சொன்னால் இனி அவர் எதையும் நம்பமாட்டார்.

இப்போது மணி ஐந்து, வெளிச்சம் இருக்கிறது, தட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
குணமதி ஜீவராஜ்