அம்மா வெளியே வந்த வழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசியோடு எழுதுவது. நாங்கள் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாய் அல்லவா? போனில் அம்மா பக்கத்திலேயே இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மெயில். வேலையை விட்டு நிறுத்திய நர்சுகளுக்காக ஆஸ்பத்திரியிலிருந்து ஊர்வலம் போனார்களே, நீ மேப்பில் பச்சைக் கோடு போட்டுக் கொடுத்த வழிகளை அம்மா எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள், நெருக்கடி வந்தால் பாலத்துப் பக்கம் ஓடாதீர்கள், துணிக்கடைச் சந்தில் திரும்புங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் வீட்டில் அவள் போன் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டதும் புள்ளி சரியாகச் சந்துக்குள் திரும்பியது, அப்பாடா என்றிருந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்கிறாள் அம்மா, சொல்லாவிட்டால் அந்தக் கோடு அப்படியே இருந்துவிடும். சந்தின் முடிவில் புதிதாக இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், மேப்பில் அது இல்லை. முன்னால் பூட்டு, பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அம்மா ஒரு வாசற்படியில் ஏறி, தள்ளாதீங்க, வழி இல்ல, கடைசியில நிக்கிறவங்க திரும்புங்க என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள், இறங்கும்போதுதான் கால் பிசகியது. நல்லவேளையாக ஒரு தையல்காரர் ஷட்டரைத் தூக்கி, மிஷின்களை ஓரம் தள்ளி, பின்வாசல் வழியாக அனுப்பியிருக்கிறார். கடைசியாக வெளியே வந்தது அம்மா.

நீ உன்னை நொந்துகொள்ளாதே. பாலத்துப் பக்கம் ஓடியவர்கள் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து படுத்திருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்துப் போடுகிற கோட்டை யாராவது முதலில் நடந்து பார்க்க வேண்டும், இனி அது என் வேலை. வெள்ளிக்கிழமை மறுபடி ஊர்வலம். போகாதே என்றேன், நீங்க வேணா கதவைச் சாத்திட்டுப் படுங்க என்கிறாள். இன்று காலை அந்தப் பக்கத்துச் சந்துகள் எல்லாம் நடந்து, பூட்டுகளையும் பள்ளங்களையும் போட்டோ எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு, ஒன்று அடைத்தால் இன்னொன்று இருக்கட்டும்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ராப்பகலாக ஸ்கிரீனையே பார்க்கிறாய், கண் டாக்டரிடம் போக மறக்காதே. வெள்ளிக்கிழமை நானும் அம்மாவோடு நடக்கப் போகிறேன், அவளுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை, நீதான் பார்க்க வேண்டும். புள்ளி எங்காவது நின்றால் எனக்குப் போன் அடி, எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா