கிழக்குப் பக்கத்து டேங்க்

ராஜபாளையம்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள மாப்பிள்ளை சதீஷுக்கு, மாமா காசிராஜன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌகரியம். நியூசிலாந்தில் நீங்களும் செல்வியும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். தபாலை நம்பிக் காத்திருக்க நாள் இல்லை.

நேற்று செல்விக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் விமானத்தை எடுத்துப் பறக்க வேண்டாம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னேன். "ஆரம்பிச்சிட்டியளா அப்பா" என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டு ஷெட்டில் விமானம் செய்கிற மாப்பிள்ளையா என்று முதலில் குதித்தவன் நான்தானே. அங்கே வந்திருந்த மூன்று மாதமும், "கீழ நின்னு வேலை மட்டும் பாக்கேன், ஏற மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். ஆனால் இது அந்தப் பயம் இல்லை மாப்பிள்ளை. காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுப் போனை வைத்துவிட்டேன்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை மாரிக்கனி வீட்டு மாடியில் இரண்டு தண்ணீர் டேங்குகளுக்கு அளவு காட்டும் மீட்டர் மாட்டினேன். ஒயர்களில் வழக்கம்போல 'கி', 'மே' என்று எழுதினேன். கிழக்கு டேங்க், மேற்கு டேங்க். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் விமானத்திலும் இப்படித்தானே எழுதினேன்! வீடு திசை மாறாது. விமானத்தை நாம் திருப்பினோமே.

ரெக்கைகளில் இருக்கிற பெட்ரோல் டேங்க் ஒயர்களில் எழுதியபோது விமானத்தின் மூக்கு வடக்கே பார்த்து இருந்தது. கிழக்கு என்றால் வலது. அடுத்த வாரம் வெளிச்சத்துக்காக வாசலைப் பார்த்துத் திருப்பினோம், மூக்கு தெற்கே. அதற்குப் பிறகுதான் அளவு காட்டும் ஸ்கிரீனுக்குப் போகிற ஒயர்களில் எழுதினேன். அப்போது கிழக்கு இடது. நான் 'கி'யோடு 'கி'யைச் சேர்த்துவிட்டேன். வலது டேங்கின் அளவை ஸ்கிரீன் இடது என்று காட்டும்.

நீங்கள் இரண்டிலும் ஒரே அளவு ஊற்றிப் பார்த்ததால் இது தெரியவில்லை. மேலே போனபின் ஒரு டேங்க் தீரும், ஸ்கிரீன் அதில் நிறைய இருப்பதாகக் காட்டும், நீங்கள் அதையே நம்பி அந்தக் காலி டேங்குக்கு மாற்ற, இன்ஜின் நின்று... உங்கள் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

எண் போட்ட லேபிள் ஒட்டச் சொன்னீர்கள். "நாப்பது வருசம் மில்லுல ஒயரிங் பாத்தவனுக்குச் சொல்லித் தாரியளாக்கும்" என்று முறைத்தேன். நீங்கள் மரியாதைக்காக விட்டுவிட்டீர்கள். இனி விடாதீர்கள்.

இடது டேங்கை மட்டும் முழுக்க வடித்துவிட்டு ஸ்கிரீனைப் பாருங்கள். அந்த ஒயர்களை மாற்றினால் மட்டும் போதாது. நான் தொட்ட ஒவ்வொரு ஒயரையும் வேறு ஆளை வைத்துச் சோதியுங்கள். என் வேலையை இன்னொருவர் சரிபார்க்க நான் விட்டதே இல்லை. இப்போது நானே கேட்கிறேன்.

செல்வியிடம் மூடி மறைக்க வேண்டாம். உங்கப்பா பயந்து தடுக்கவில்லை, தப்புச் செய்திருக்கிறார் என்றே சொல்லுங்கள். கோபப்படுவாள். படட்டும். நீங்கள் இருவரும் நூறு வயது இருந்து, என்மேல் கோபப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உங்கள் மாமா,
காசிராஜன்